வாங்க ஆளில்லாத காசு

தூங்காபி, சிட்னி
9 பெப்ரவரி 2025

நாகேஸ் அக்காவுக்கு,

கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என்னுடைய நம்பரை நீங்கள் மறித்து வைத்திருப்பது தெரியும். ஹம்சாவின் போனில் இருந்தும் எடுத்துப் பார்த்தேன், என்னைக் கட்டிய பாவத்துக்கு அவளையும் மறித்துவிட்டீர்கள். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தமிழில் கடிதம் எழுதி எத்தனை வருடம் என்று தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, எழுதியதுதான் கடைசி. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை பூட்டிய பிறகு நான் சட்டப்படி செய்த கடன் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. மூன்று வருடமாக மாதாமாதம் சம்பளத்தில் இருந்து ஒப்பந்தத்தை நடத்தும் அலுவலகத்துக்குக் கட்டினேன். அவர்கள் அதைக் கடன் தந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு பிரித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு டொலர் கடனுக்கும் நாற்பத்துநான்கு சதம். இனி ஒருவருக்கும் நான் கடனாளி இல்லை என்று ஒரு தாளும் வந்தது. அதை வாசித்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

போன கிழமை அலுவலகத்தில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். ஏழு கடன்காரரில் ஆறு பேர் தங்கள் பங்கை எடுத்துவிட்டார்களாம். ஒருவருடைய பங்கு மட்டும் அப்படியே கிடக்கிறதாம். அது உங்களுடையது, அக்கா. ஆறாயிரத்து நூற்று அறுபது டொலர். உங்கள் பழைய பெண்டில் ஹில் விலாசத்துக்கு அனுப்பிய காசோலைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவாம். ஜூன் முப்பதாம் திகதிவரை வைத்திருந்து பார்த்துவிட்டு அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுவார்களாம். பிறகு அங்கேயிருந்து எடுப்பது இன்னும் பெரிய அலைச்சல் என்றாள்.

அக்கா, அந்தக் காசை எடுங்கள். ஒரு படிவம்தான். இதற்குள் வைத்திருக்கிறேன். உங்கள் விலாசத்தை நிரூபாவிடம்தான் வாங்கினேன். ஹம்சாவின் அக்கா மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீட்டு அழைப்புக் காட் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். மன்னியுங்கள்.

அருந்தவன்


டண்டினோங், மெல்பேர்ண்
23 பெப்ரவரி 2025

அருந்தவன்,

உன் கடிதம் வந்த அன்று நிரூபா தபாலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "அம்மா, சாமத்தியவீட்டுக் காட் எங்க? வடிவா அடிச்சிருக்கினமோ?" என்று கேட்டாள். தபாலில் நனைந்துபோய்விட்டது என்று சொன்னேன். உன்னால் இந்த வயதில் என் பிள்ளைக்குப் பொய் சொல்கிறேன். ஒரு விலாசம் வாங்குவதற்குக்கூட உனக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது பார்.

பெண்டில் ஹில்லுக்கு வந்த முதல் இரண்டு காசோலையையும் திருப்பி அனுப்பியது நான்தான். அதற்குப் பிறகுதான் வீடு மாறினேன்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நான் பிடித்த சீட்டில் இருபது பேர், மாதம் ஆயிரம். மூன்றாவது மாதமே நீ சீட்டை எடுத்தாய், சமையல் கடைக்கு அடுப்பும் பாத்திரமும் வாங்க வேண்டும் என்று. "என்ர தம்பி, நான் பொறுப்பு" என்று என் மனதுக்குள் சொல்லித்தான் தந்தேன். ஆறு மாதம் கட்டினாய். பிறகு கொரோனா வந்தது, கடையைப் பூட்டினாய், போனையும் பூட்டினாய். மிச்சம் பதினாலு மாதம் உன்னுடைய ஆயிரத்தை நான்தான் தேட வேண்டியிருந்தது. எட்டு மாதம் என் தாலிக்கொடியில் போனது. அது வங்கி லொக்கரில் இருக்கிறது என்று நிரூபா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மிச்சத்தை ஒரு மாதக் குறையை அடுத்த மாதத்துக்குத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனேன். கடைசியில் அது கடைசி ஆளின் தலையில் விழுந்தது. இரஞ்சிதம். கழிவு இல்லாமல் முழுக்காசும் வேண்டும் என்று இருபது மாதம் பொறுத்திருந்தவள். அவளுக்கு ஆறாயிரம் குறைத்துக் கொடுத்தேன்.

"எந்தக் கூறு வரேல்ல? ஆர் எண்டு சொல்லு" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பிடிக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும், தெரியவும் வேண்டும். வாயைத் திறந்தால் அவள் சீட்டுப் பிடிக்கிறவளே இல்லை. அதோடு, உன் பெயர் வெளியே வந்தால் ஊரில் ஒருவரும் உனக்கு ஒரு வடை ஓடர்கூடத் தரமாட்டார்கள் என்றும் நினைத்தேன். கோயில் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்ற எல்லோருக்கும் கேட்க அவள் என்னைக் கள்ளி என்றாள். உன் பெயர் என் தொண்டையில் நின்றது. விழுங்கினேன்.

அப்படி உன் பெயரை நான் ஒளித்து வைத்திருக்க, நீ என்ன செய்தாய்? என் பெயரை, என் விலாசத்தை, இத்தனை ஆயிரம் என்று எழுதி அரசாங்கப் பேப்பரில் போட்டாய். வங்கிக்காரனோடு, கிரெடிட் காட்காரனோடு நாகேஸ்வரியும் ஒருத்தி. சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கையில் கொடுப்பார்கள், மெதுவாகக் கொடுப்பார்கள், பத்து வருடம் எடுத்தாலும் கொடுப்பார்கள். நாற்பத்துநான்கு சதமாக வெட்டி அலுவலகத்தில் போடமாட்டார்கள்.

படிவத்தில் என்ன கேட்கிறார்கள் பார்த்தாயா? கடன் எப்படி வந்தது, ஆதாரம் என்ன. சீட்டு என்று எழுதவா? நான் பென்சன் எடுக்கிறவள். அதைத் தருகிற சென்டர்லிங்க்காரர் கூப்பிட்டு, "அப்ப அன்ரி, வருசத்துக்கு எத்தினை சீட்டுப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டால் உன் தாளைக் காட்டவா? நீ கடனில்லாதவன் என்ற தாள் உன்னிடம் இருக்கிறது. சட்டகம் போட்டு மாட்டு.

நாகேஸ்வரி


தூங்காபி
9 மார்ச் 2025

அக்கா,

நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி. நான் போனைப் பூட்டியது சரி, தாலிக்கொடி போனது எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். தெரியாது.

ஆனால் ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். உங்கள் பெயரைக் காட்டிக்கொடுப்பதற்காக எழுதவில்லை. யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ எல்லோரையும் எழுத வேண்டும், ஒருவரை ஒளித்தாலும் குற்றம், ஒருவருக்கு மட்டும் களவாகக் கொடுத்தாலும் குற்றம் என்றார்கள். உங்களை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அந்த மூன்று வருடமும் உங்களுக்கு ஒரு சதமும் வந்திருக்காது. என் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதுதான். வங்கிக்கு மேலே எழுதினேன். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. இப்போது யோசித்தால் உங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்லும் ஒரு மனிசியிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். கொடுத்த காசு திரும்பி வருவது வருமானம் இல்லையாம். வங்கியில் இவ்வளவு இருக்கிறது என்று சென்டர்லிங்குக்கு அறிவித்தால் போதுமாம். நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு முறைவைத்து எடுப்பது இங்கே சீனர், வியட்நாமியர் எல்லோரும் செய்வதுதானாம். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இரஞ்சிதம் அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஹம்சா குசினியில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறார். கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோகிறார்கள். உடுப்பிட்டியில் தமக்கையின் வளவில் ஒரு அறையும் குளியலறையும் கட்டிக்கொண்டு போய் இருக்கத்தான் அந்தச் சீட்டாம். சுவர் எழும்பியது, கூரைக்குக் காசு காணவில்லை. பிறகு அங்கே சாமான் விலை ஏறிவிட்டது. தமக்கையும் போன வருடத்துக்கு முதல் வருடம் செத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை. அறையில் கட்டிலும் ஒரு கதிரையும்தான்.

கோயில் வாசலில் நடந்தது எனக்கும் தெரியும். சில மாதமாக நான் சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். உப்பில்லாமல் சூப் வைத்துக் கொண்டுபோவேன்.

அருந்தவன்


டண்டினோங்
17 மார்ச் 2025

அருந்தவன்,

இரஞ்சிதத்துக்கு இப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னோடு அங்கே யார் கதைக்கிறார்கள்?

மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளும் நானும் பதினோரு வருடம் ஒரே கட்டடத்தில் கழுவித் துடைத்தவர்கள். பரமட்டாவில் ஏழு மாடி. நான் கக்கூஸ் கழுவினால் அவள் கண்ணாடி துடைப்பாள், மறுநாள் மாற்றிக்கொள்வோம். நான் சீட்டுத் தொடங்கியபோது முதல் ஆளாகக் காசு தந்தவள். அவள் கேட்டதெல்லாம் கடைசிக் கூறு மட்டும்தான்.

அந்தக் காசு ஆறாயிரத்து நூற்று அறுபது என்கிறாய். அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஆறாயிரம். கூரை போட இனி அவளுக்கு வளவு இல்லை, தமக்கையும் இல்லை. ஆனாலும் காசு அவளுடையது. அவள் கையில் வைக்க வேண்டும்.

நான் படிவத்தை நிரப்புகிறேன். சென்டர்லிங்க் கேட்டால் கேட்கட்டும், சிறைக்கா கொண்டுபோகப் போகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு முதல் நீ அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். "அந்த நிண்ட கூறு என்ரதுதான். நாகேஸ் அக்கா உங்கட காசைத் தொடேல்ல" என்று, உன் வாயால். நானாகச் சொல்லமாட்டேன். நான்கு வருடம் சொல்லாதவள் இப்போது சொன்னால், தப்பிப்பதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். நீ சொன்னால் நம்புவாள்.

அவள் கண்மூடுவதற்கு முதல் என்னைக் கள்ளி என்று நினைக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நாற்பத்துநான்கு சதமும் வேண்டாம், தாலிக்கொடியும் வேண்டாம்.

சொன்ன பிறகு எனக்கு எழுது.

நாகேஸ்வரி


தூங்காபி
20 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். நான் வேலை செய்யும் கிடங்கில் இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை. சூப் குடித்து முடியும்வரை பார்த்திருந்து சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நாகேஸிட்டச் சொல்லு, எனக்கு இப்ப கோவமில்லை எண்டு" என்றார். அவ்வளவுதான். களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்.

நீங்கள் படிவத்தை அனுப்புங்கள். ஜூன் முப்பதைத் தவறவிடாதீர்கள்.

அருந்தவன்


டண்டினோங்
28 ஏப்ரல் 2025

என் தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். நிரூபா கதவைத் தட்டித் தட்டி, "அம்மா, ஆர் யு ஓகே?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். வெங்காயம் வெட்டியது என்றேன். குளியலறையில் என்ன வெங்காயம் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

கோபமில்லை என்றாளா? அவள் அப்படித்தான். கத்தினால் ஏழு மாடிக்கும் கேட்கும், அடுத்தநாள் தேத்தண்ணீரில் எனக்கும் சேர்த்துச் சீனி போட்டு வைத்திருப்பாள். நீ சொன்னது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி நான் நினைத்ததில் பாதியை இன்றைக்கு அழித்துவிட்டேன். மிச்சப் பாதியை நேரில் பேசித் தீர்ப்போம்.

படிவம் போய்விட்டது. நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மேசை போட்டு இருந்து பிரதிகள் சரியென்று கையெழுத்து வைப்பார். என் கடவுச்சீட்டு, பென்சன் காட், சீட்டுக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டுபோனேன். கொப்பியைத் திறந்து, தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். நண்பர்களின் காசு என்றேன். "யு மஸ்ட் ஹேவ் குட் ஃப்ரெண்ட்ஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

காசு வந்ததும் வங்கியில் எடுத்துக்கொண்டு நானே சிட்னிக்கு வருகிறேன். கணக்குக்குக் கணக்கு அனுப்பினால் அவளுக்கு விளங்காது. கையில் எண்ணி வைப்பேன். புதுத் தாளாகக் கேட்டு வாங்குவேன். அவள் சொன்னதை அவள் வாயால் ஒருக்கால் கேட்க வேண்டும்.

உன் பிள்ளைகள் எப்படி? ஹம்சாவின் நம்பரை விடுவித்துவிட்டேன். உன்னுடையதையும்தான். ஆனாலும் நீ எழுது. எனக்குக் கடிதம் பிடித்துப்போய்விட்டது.

அன்புடன்
நாகேஸ் அக்கா


தூங்காபி
18 மே 2025

அக்கா,

இப்போது வர வேண்டாம். இல்லத்தில் ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம், வெளியாட்களைக் குறைக்கிறார்கள். அவரும் நன்றாக இல்லை, நிறையப் பேசுவதில்லை, சிலநேரம் ஆட்களை மாறிச் சொல்கிறார். காசு வந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் கையில் கொடுக்கிறேன். பயணச் செலவாவது மிஞ்சும்.

பிள்ளைகள் சுகம்.

அருந்தவன்


டண்டினோங்
16 ஜூன் 2025

அருந்தவன்,

ஜூன் மூன்றாம் திகதி காசு வந்தது. பதினொராம் திகதி நான் சிட்னிக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. காலை விமானத்தில் வந்து, இரவு விமானத்தில் திரும்பினேன். நிரூபாவுக்குப் பல் வைத்தியரிடம் போவதாகச் சொன்னேன்.

இல்லத்தில் காய்ச்சல் ஒன்றும் இல்லை. வாசலில் பெயரை எழுதிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பன்னிரண்டாம் அறை. பாதி ஆளாகக் கிடந்தாள், அருந்தவன். ஆனால் ஆட்களை மாறிச் சொல்லவில்லை. என்னைக் கண்டதும், "உன்னை ஆர் இஞ்ச விட்டது?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. கோபமில்லை என்றவள் இப்படிக் கேட்கிறாளே என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "அருந்தவன் வந்து எல்லாம் சொன்னவன்தானே?" என்று கேட்டேன்.

"அவன் வாறவன். சனிக்கிழமையில சூப் கொண்டு வாறவன், காலுக்கு எண்ணெய் தேச்சு விடுறவன். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, தங்கமான பெடியன். அவனும் உன்ர இரத்தம்தானே? உனக்கு ஏன் நாகேஸ் அந்த மனம் இல்லாமப் போனது?"

நான் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

நீ சொல்லவே இல்லை. "எனக்கு இப்ப கோவமில்லை" என்பது நீ எழுதிய வசனம். அதைத்தான் நான் இரண்டு மாதமாகத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

ஏன் அந்த இடத்திலேயே உன் பெயரைச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வாயில் வந்தது. இந்தமுறை தொண்டையில் நிற்கவில்லை, நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அவளுடைய மேசையைப் பார்த்தேன். நீ வைத்துவிட்டுப் போன சூப் போத்தல், கழுவிக் கவிழ்த்திருந்தது, அடுத்த சனிக்கிழமைக்கு. அவளைத் தேடி வருகிற ஒரே ஆள் நீ. உன்னையும் அவளிடம் இருந்து பறித்துவிட்டு நான் நல்லவளாகித் திரும்பி வருவதா? என்னால் முடியவில்லை.

காசு உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அறுபது புதுத் தாள். "ஆறாயிரம் இருக்கு இரஞ்சிதம். உன்ர காசு" என்றேன். அவள் பார்க்கவில்லை. முழங்கையால் தள்ளிவிட்டாள். உறை நிலத்தில் விழுந்தது. "கூரை போடேக்க தராத காசு இப்ப எனக்கு ஏன்? பாடைக்கோ? எடுத்தவளே வைச்சிருக்கட்டும்" என்றாள். பக்கத்து அறைத் தாதி எட்டிப் பார்த்தாள். நான் குனிந்து பொறுக்கினேன். அறுபத்தொன்பது வயதில், முழங்கால் நோவோடு, நிலத்தில் இருந்து.

இன்னும் நாள் இருக்கிறது. அவளுக்கு உயிர் இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. நான் கெஞ்சுகிறேன், அருந்தவன். உன்னைத் திட்டுவதற்குக்கூட எனக்கு நேரமில்லை. போய்ச் சொல். காசை நான் மறுநாளே கொண்டுவருகிறேன்.

நாகேஸ்வரி


தூங்காபி
6 ஜூலை 2025

அக்கா,

ஹம்சா போனில் சொல்லியிருப்பாள். இரஞ்சிதம் அக்கா ஜூன் இருபத்தேழாம் திகதி விடியக்காலையில் போய்விட்டார். இனி இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட வேண்டாம் என்று அவரே கையெழுத்துப் போட்டாராம். எட்டு நாளில் முடிந்தது.

உங்கள் கடிதம் பத்தொன்பதாம் திகதி கிடைத்தது. இருபத்தோராம் திகதி சனிக்கிழமை போனேன். சொல்வதற்குத்தான் போனேன், சத்தியமாக. கதவடியில் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். கண்ணைத் திறந்து, "வந்திட்டியோ அப்பு? உன்னைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான்" என்றார். காலில் கையை வைத்தேன். பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் இல்லை.

முதலில் கழுவாயாகத்தான் போய்ப் பார்க்கத் தொடங்கினேன், அக்கா. உண்மையைச் சொன்னால், இரண்டாம் மூன்றாம் கிழமையிலேயே அது மாறிவிட்டது. கடை பூட்டிய நாளில் இருந்து என்னை நல்லவன் என்று சொன்ன ஒரே ஆள் அவர். வங்கிக்காரன் சொல்லவில்லை, ஹம்சா சொல்லவில்லை, நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை. கிழமையில் ஒரு மணித்தியாலம் நான் தங்கமான பெடியனாக இருந்தேன். அதை விட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக உங்களை விற்றேன். முதலில் பதினாலாயிரத்துக்கு விற்றேன், இரண்டாம் முறை இதற்கு.

செத்தவீட்டில் சொன்னேன். தகனச்சாலை மண்டபத்தில் நாற்பது பேர் வரையில் இருந்தார்கள், சீட்டில் இருந்தவர்களும் ஆறேழு பேர் என்று பிறகுதான் தெரிந்தது. இரங்கலுரைக்கு எழும்பி, அந்த நின்ற கூறு என்னுடையது, நாகேஸ்வரி அக்கா தன் தாலிக்கொடியை விற்றுக் கட்டினவர், அவர் களவெடுக்கவில்லை என்று ஒலிவாங்கியில் சொன்னேன். செத்தவீட்டை ஒழுங்கு செய்து முன்வரிசையில் இருந்த ஜெகதீஷ் அண்ணை, "சரி தம்பி, உதெல்லாம் இப்ப ஏன்? முக்கால் மணித்தியாலம்தான் மண்டபம் தந்திருக்கிறாங்கள். வெளியில அடுத்த ஆக்கள் நிக்கினம். தேவாரத்தைப் படிக்க விடும்" என்றார். இறங்கிவிட்டேன். வெளியே வேறொரு பெட்டியோடு வேறொரு குடும்பம் நின்றது.

அந்த ஆறாயிரத்தை அவருடைய பெயரில் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாமா? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக்கு எடுக்கலாமா? நீங்கள் எப்படிச் சொன்னாலும் செய்கிறேன்.

அருந்தவன்


டண்டினோங்
20 ஜூலை 2025

அருந்தவன்,

செத்தவீட்டுக்கு நான் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கள்ளி வராததில் என்ன புதுமை.

நீ மண்டபத்தில் சொன்னதைக் கேள்விப்பட்டு மூன்று பேர் போன் எடுத்தார்கள். "பாவம் அக்கா, நாங்கள் தெரியாமக் கதைச்சுப்போட்டம்" என்றார்கள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கள்ளி என்று நினைத்தாலும் நல்லவள் என்று நினைத்தாலும் எனக்கு ஒன்றுதான். ஐந்து வருடமாக நான் கட்டிக் காத்த உன் பெயரை நாற்பது பேருக்குக் கொட்டிவிட்டாய். அது ஒருத்திக்குச் சேர வேண்டியது. அவள் அப்போது பெட்டிக்குள் இருந்தாள்.

உன்னில் எனக்குக் கோபமா என்று நீ கேட்கவில்லை. இருக்கிறது. ஆனால் அந்த அறையில் நானும்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவளைத் தனியே விடக்கூடாது என்று நினைத்தேன். அவள் கேட்டது துணை இல்லை, நான்கு வருடத்துக்கு முதலே கேட்டது ஒரு பெயர். அவளுக்கு எது நல்லது என்று நீயும் நானும் தீர்மானித்தோம், அவளை ஒருவரும் கேட்கவில்லை. இதை யோசித்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

அன்னதானம் வேண்டாம். ஊருக்குச் சோறு போட்டு அவளுடைய காசை நாம் புண்ணியமாக்கிக்கொள்வது இன்னொரு களவு. அந்தியேட்டிச் செலவை உன் கையில் இருந்து செய். அவளுக்கு உரித்துக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று உடுப்பிட்டியில் விசாரித்தேன். தமக்கையின் வளவை யாரோ தூரத்துச் சொந்தம் பிடித்து, கூரையில்லாத அந்த அறைக்குள் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அவர்களுக்கு அவளுடைய பெயரே சரியாகத் தெரியவில்லை.

உன்னுடைய அலுவலகம் பரவாயில்லை. வாங்க ஆளில்லாத காசை ஒரு திகதிவரை வைத்திருந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கோப்பைப் பூட்டும். எனக்கு ஒப்படைக்க ஓர் இடமில்லை. அந்த அறுபது தாளும் அவள் தள்ளிவிட்ட அதே உறைக்குள் இருக்கின்றன. மூலையில் அவளுடைய அறையின் தூசு கொஞ்சம் பிடித்திருக்கிறது, துடைக்கவில்லை. மேலே இரஞ்சிதம் என்று எழுதி, சீட்டுக் கொப்பிக்குள் வைத்து, என் சேலைப் பெட்டியின் அடியில் போட்டிருக்கிறேன். நான் அதைத் தொடமாட்டேன்.

எனக்குப் பிறகு நிரூபா அந்தப் பெட்டியைத் திறப்பாள். லொக்கரில் இல்லாத தாலிக்கொடியைத் தேடித்தான் திறப்பாள். இந்த உறைதான் இருக்கும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இது யாருடைய காசு, அம்மாவிடம் ஏன் இருந்தது என்று கேட்க அவளுக்கு உன்னைத் தவிர வேறு ஆளில்லை. உனக்குத்தான் போன் எடுப்பாள்.

அவளுக்காவது உண்மையைச் சொல்.

நாகேஸ்வரி